முனையிலிருந்து இரண்டாவது வீடு

உட்காரம்மா, தாராளமாக உட்கார். இந்தப் பை என்னுடையதுதான், மடியில் வைத்துக்கொள்கிறேன். தமிழ்தானே நீ? போனில் பேசினது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மே மாதத்திலிருந்து இந்தப் பஸ்ஸில் போய் வருகிறேன், ஒருநாள்கூட ஒரு தமிழ்ச்சொல் கேட்டதில்லை. "இந்த வீடும் போச்சுடி" என்றாய் பார், அந்த "டி" வந்து என் காதில் உட்கார்ந்துகொண்டது.

எந்த ஊர்? விருதுநகரா. நான் மாயவரம். சௌந்தரவல்லி என்று பெயர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகனும் மருமகளும் இங்கே இருக்கிறார்கள். மருமகளுக்கு இந்த அக்டோபர் கடைசியில் பிரசவம். அதற்காகத்தான் வந்தேன். ஆறு மாத விசா. நவம்பர் பிறந்ததும் திரும்பிப் போக டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்குள் குழந்தை பிறந்து, அதைக் கையில் வாங்கி, அந்த வீட்டில் ஒரு தாலாட்டாவது பாடிவிட்டுப் போக வேண்டும். வேறு என்ன ஆசை எனக்கு? ஒன்றுமில்லை. அந்த வீட்டில் என்றேன் பார், அந்த வீடுதான் பிரச்சினையே.

நீயும் வீடு தேடுகிறவள், உனக்குச் சொன்னால் புரியும்.

என் மகன் பரணிக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்வான். மருமகள் சிந்துஜா ஊர் நடுவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. இவர்கள் இருந்தது இந்தப் பஸ் புறப்படுகிற கடைசி ஸ்டாப்பில், சிக்கன் பொரிக்கிற கடைக்கு மேல்மாடி. ஒரே படுக்கையறை. நான் ஹாலில் சோபாவை விரித்துப் படுப்பேன். கடை திறந்ததும் எண்ணெய் வாசனை படியேறி வந்து வீட்டு மனுஷர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மசக்கைக்காரி அந்த வாசனையில் எழுந்து, குளித்து, இந்தப் பஸ்ஸில் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். உட்கார இடம் கொடுப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை, மரியாதையான ஜனங்கள். வாந்திக்கு யார் இடம் கொடுப்பது?

அதனால் வீடு தேடினோம். நம் ஊரில் வீடு பார்க்கப் போனால் என்ன? வீட்டுக்காரர் காபி கொடுப்பார், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்போம், எந்த ஊர், எந்தத் தெரு என்று பேசப் பேச இரண்டு பேருக்கும் பொதுவாக யாராவது ஒரு சொந்தக்காரர் கிளம்பிவிடுவார். இங்கே வாசலில் வரிசை. ஆளுக்குப் பத்து நிமிஷம். முன்னால் போனவர்கள் குழாயைத் திறந்து பார்க்கிற சத்தம் நடைபாதை வரை கேட்கும். அவர்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே வீடு எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்சிப் பையன் கதவருகே நின்று, சம்பளச் சீட்டு இருக்கிறதா, ஜாமீனுக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்பான். சாயங்காலம் போன் வரும். ஸாரி. வேறொருவருக்குப் போய்விட்டது. ஸாரி சொல்வதில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. பூவை வைப்பதுபோல வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கும் இன்றைக்கு அப்படித்தான் வைத்தார்களா? தெரியும், முகத்திலேயே தெரிகிறது.

அப்போதுதான் ஸ்னென்டன் என்கிற பேட்டை பேச்சில் வந்தது. தெரியுமா உனக்கு? இந்தப் பஸ் அந்த வழியாகத்தான் போகும். மேட்டின் மேலே பழைய காற்றாலை ஒன்று வெள்ளைக் கைகளை விரித்துக்கொண்டு நிற்கும். கீழே சிவப்புச் செங்கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. கடைக்குப் போனால் பாகற்காய் கிடைக்கும், கொத்தமல்லி கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஊர் நடுவுக்கு நடந்தே போய்விடலாம். வாடகை மட்டும் இன்னும் மனுஷர் கொடுக்கக்கூடிய வாடகை. பரணியோடு வேலை செய்கிறவர்கள், "அந்தப் பக்கமா போறே?" என்று மூக்கைச் சுளித்தார்களாம். "அவங்க மூக்கைச் சுளிக்கிற வரைக்கும்தானுங்க வாடகை இப்படி இருக்கும், சுளிக்கட்டும் விடுங்க" என்றாள் சிந்துஜா. கெட்டிக்காரி. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

வீடு வந்த விதத்தைக் கேள். நஸ்ரீன் என்று ஒரு அம்மாள், பாகிஸ்தானில் மிர்பூர் பக்கம், கணவர் இறந்துபோய் மகளோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவளுக்குச் சிந்துஜா ரத்தம் எடுத்திருக்கிறாள். ஊசி குத்தினதே தெரியவில்லை என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பேச்சோடு பேச்சாக அவளுடைய காலி வீடு ஒன்று வாடகைக்கு வந்துவிட்டது. ஏஜென்சி கிடையாது, வரிசை கிடையாது. முனையிலிருந்து இரண்டாவது வீடு, பச்சைக் கதவு, மேலே ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. நானும் போய்ப் பார்த்தேன். சின்ன அறையில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. "இந்த ரூம் உங்களுக்குங்க அத்தை. நீங்களும் பாப்பாவும்" என்றாள் சிந்துஜா. அவள் வாயால் சொன்னாள். இதை மறந்துவிடாதே.

சாவி எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டேன். ஜூலை பதினெட்டு என்றான் பரணி. நான் காலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறந்து மறுநாள்.

"ஆடியில குடி போறதா, பரணி?"

"அம்மா, இங்க அது ஜூலைம்மா."

"ஜூலைன்னா ஆடி இல்லையா? சூரியன் இவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?"

"ஒரு மாசம் நமக்காக அவங்க வீட்டைக் காலியாப் போட்டு வெக்க முடியாதுங்க அத்தை" என்றாள் அவள். ஈரோட்டுப் பெண். "ங்க" போடாமல் வாய் திறக்காது. அந்தப் பக்கத்து ஜனங்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் "பார்த்துப் போங்க" என்பார்கள்.

நான் என்ன சொன்னேன்? நடந்ததைச் சொன்னேன். போன வருஷம் அந்தக் கோழிக்கடை மாடிக்கு இவர்கள் ஆடியில்தான் குடி வந்தார்கள். நான் போனில் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. ஐப்பசியில் மூன்று மாதக் கரு கலைந்துபோயிற்று. "போன தடவை சொல்லச் சொல்லக் கேக்காம வந்தீங்க. என்ன ஆச்சு?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேனம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அவள் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. இலையையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டைப் பாத்திரத்தில் போட்டாள். வேலையில் கவனம் அவ்வளவுதான், இந்தக் காலத்துப் பெண்களுக்கு.

கேட்டுப் பார்க்காமலே ஒரு மாதம் தரமாட்டார்கள் என்றால் எப்படி? நஸ்ரீனிடம் நானே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் விடுவார்களா? சின்ன வயதில் ஹிந்திப் பிரசார சபையில் பிரவேசிகா வரை படித்தவள் நான். பாடப் புத்தக ஹிந்திதான், மரியாதையான ஹிந்தி, அவளுடைய உருதுவுக்கு அது போதும். கொஞ்சம் ரவா லாடு பிடித்து எடுத்துக்கொண்டு போனேன். நஸ்ரீன் உள்ளே கூப்பிட்டு, ஏலக்காய் போட்டு டீ கொடுத்தாள். ஆடி என்றால் என்ன, அதில் ஏன் குடி போகக் கூடாது, எல்லாம் சொன்னேன். போன வருஷம் நடந்ததையும் சொன்னேன். எத்தனாவது மாதம், எந்த ஆஸ்பத்திரி, இவள் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள், எல்லாம். பெண்ணுக்குப் பெண், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அவள் முகம் வாடிப்போயிற்று. "அந்தப் பொண்ணு என்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே. சிரிச்சுக்கிட்டேயில்ல ஊசி போட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீயைத் தொடவே இல்லை, அப்படியே ஆறிப்போயிற்று. நல்ல மனுஷி, காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு இந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? வழியெல்லாம் ரோஜா.

மறுநாள் பரணிக்குப் போன் வந்தது. "உங்க அம்மா எல்லாம் சொன்னாங்க. என் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது தம்பி. வேற யாருக்காவது குடுத்துடறேன்" என்றாளாம்.

பார்த்தாயா? நான் கேட்டது ஒரு மாதம். வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? ஒரு மாதம் தள்ளிக் கொடு என்றால் அதற்கு வீடே கிடையாது என்று அர்த்தமா? கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? நல்லது சொன்னால் பயந்துபோகிற ஊர் இது. பரணி போனைக் கீழே வைத்துவிட்டு "ஏம்மா?" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னலில் என்ன இருக்கிறது? கோழிக்கடைப் புகைபோக்கி.

சிந்துஜா வேலையிலிருந்து வந்தாள். அவனிடம் விஷயத்தைக் கேட்டாள். என்னிடம் வந்து, "அவங்ககிட்ட அதைச் சொன்னீங்களாங்க அத்தை?" என்றாள்.

"எதை?" என்றேன். எத்தனையோ சொன்னேன், எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? அவள் கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இருட்டிய பிறகுதான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் சாவி.

எப்படி வாங்கினாள்? என்ன பேசினார்கள் இரண்டு பேரும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னால்தானே? வீட்டில் பெரியவள் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ரகசியம்! மூன்றாம் மனுஷியிடம் போய் அழத் தெரிகிறது. என்னிடம் அழுதிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

ஆடியிலேயேதான் போனார்கள். செவ்வாய்க்கிழமை வேறு. நான் வரமாட்டேன் என்றேன். ஆவணி பிறக்கட்டும், ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு நான் வருகிறேன், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்றேன். "சரிம்மா" என்றான் பரணி. நான் சொன்னதற்கு அவன் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பழைய வீட்டு ஒப்பந்தம் நவம்பர் வரை இருக்கிறதாம், வீணாக்க வேண்டாம் என்றான். சிக்கனம் என் பிள்ளைக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

அதற்காகச் சும்மா இருந்தேனா? ஆடி முழுக்கச் சமைத்து எடுத்துக்கொண்டு இந்தப் பஸ்ஸில் போவேன். படி ஏறமாட்டேன். நடைபாதையில் நின்று அடுக்குப் பாத்திரத்தை நீட்டுவேன். "உள்ள வாங்கம்மா, மழை பெய்யுது" என்பான் பரணி. "ஆடி" என்பேன். சிந்துஜா ஜன்னலண்டை வந்து "சாப்டீங்களாங்க அத்தை?" என்பாள். அந்தக் கேள்வியில் மட்டும் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பக்கத்து வீட்டு ஜமைக்காக்காரர் பாவம், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டார். உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனி ஆள் என்று நினைத்து, தனக்கும் தினம் ஒரு சாப்பாடு வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்றாள். பரணி சிரித்தான். சிந்துஜாகூடச் சிரித்தாள். அன்றைக்கு ஒருநாள்தான் அந்த ஜன்னலில் அவள் பல்லைப் பார்த்தேன்.

ஆவணி பிறந்தது. நாள் பார்த்து, பெட்டியைக் கட்டி, தலைக்குக் குளித்து உட்கார்ந்திருந்தேன். பரணி வந்தான். பெட்டியைத் தூக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, "சின்ன ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்மா, அந்த வாசனை உங்களுக்கு ஒத்துக்காது" என்றான். சரி என்றேன். ஆவணி முழுக்கப் பெயிண்ட். ஒரு அரண்மனைக்குக்கூட அவ்வளவு நாள் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. "புரட்டாசியிலயும் குடி போகக் கூடாதில்லம்மா?" என்று அவனே கேட்டான். கேட்டாயா? இவ்வளவு நாள் நான் சொல்லிச் சொல்லிக் கடைசியில் பிள்ளைக்கு இதிலெல்லாம் ஒரு பிடிப்பு வந்துவிட்டதே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. கூடாதுதான் கண்ணா என்றேன்.

புரட்டாசிக் கடைசியில் ஈரோட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்து இறங்கினார். அவருக்கு மட்டும் பெயிண்ட் காய்ந்துவிட்டது.

இரு, அதற்குள் என்ன சொல்ல வருகிறாய்? நானும் கோபப்பட்டேன். போன் போட்டேன். சிந்துஜாதான் எடுத்தாள். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "தலைப்பிரசவம் அம்மா வீட்லதானுங்களே அத்தை. எனக்கு இந்த நிலையில அங்க போக முடியலீங்க. அதனால அம்மா வீடு இங்க வந்துருச்சுங்க. பாப்பா பொறந்ததும் முறைப்படி உங்களுக்குச் சொல்லி அனுப்பறோங்க."

என்ன பதில் சொல்வாய் இதற்கு? முறை அதுதான். தலைப்பிரசவம் நடக்கிற தாய்வீட்டில் மாமியார் போய் உட்கார்ந்துகொள்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. சொல்லி அனுப்பினால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆனாலும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த ஊரில் வந்து என்னடியம்மா முறையும் வழக்கமும், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த பிறகு தாய்வீடு என்ன, மாமியார் வீடு என்ன, காலத்துக்கேற்ப மாற வேண்டாமா என்று கேட்க இருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

ஒன்று மட்டும் கேட்டேன். "அது யார் வீடு சிந்து?" என்றேன். உங்கள் பிள்ளை வீடு என்பாள், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

"நஸ்ரீன் ஆன்ட்டி வீடுங்க அத்தை. நாங்க வாடகைக்குத்தானுங்களே இருக்கோம்" என்றாள்.

எப்படி இருக்கிறது? சிரிக்காதே. சிரிப்பு வருகிறதுதான். எனக்கும் போனை வைத்த பிறகு வந்தது, தனியாக அந்த ஹாலில்.

அதோ, காற்றாலை தெரிகிறது பார். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால். நானா? இல்லை இல்லை, நான் இங்கே இறங்கவில்லை. ஊர் நடுவுக்குப் போகிறேன். அங்கே ஒரு வேலை. வேலை என்ன, ஒரு சுற்று நடந்துவிட்டு இதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இடது பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் அந்த வீடு நன்றாகத் தெரியும். முந்தாநாள் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயிறு இறங்கிவிட்டது. டாக்டர் சொன்ன தேதி வரைக்கும் தாங்காது, முன்னாலேயே ஆகிவிடும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யார் கேட்கிறார்கள் என்னை? நேற்று சின்ன அறைக்கு மஞ்சள் திரை போட்டிருந்தார்கள். நல்ல நிறம்தான், ஆனால் அது வெயிலை மறைக்கும். நானாக இருந்தால் வெள்ளை போட்டிருப்பேன்.

என்ன செய்தாய் நீ? மணியை ஏன் அழுத்தினாய்? உன் ஸ்டாப் இதில்லையே! எனக்காகவா? உன்னை யாரம்மா கேட்டார்கள்? வழிப்போக்கில் இரண்டு வார்த்தை பேசினால் இப்படியா? முறைப்படி சொல்லி அனுப்புவார்கள், அப்போது போவேன். கூப்பிடாத வீட்டுப் படி ஏறுகிறவள் இல்லை நான்.

பார், டிரைவர் நிறுத்திவிட்டார். கதவையும் திறந்துவிட்டார். கண்ணாடியில் என்னைத்தான் பார்க்கிறார்.

விளக்கு எரிகிறது. மாடி ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள். அவளா, அவள் அம்மாவா? மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. உன் கண் நல்ல கண். நீ பார்த்துச் சொல். இந்தப் பக்கமா பார்க்கிறாள்? கையை ஆட்டுகிறாளா?

நம்மையா?

இல்லையம்மா. திரையை இழுத்துவிடுகிறாள். திரையை இழுத்தாலும் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். உனக்கு அனுபவம் போதாது.

யாரும் இறங்கவில்லை என்று அவரிடம் நீயே சொல்லிவிடு, உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. கதவைச் சாத்தச் சொல்லம்மா. குளிர் உள்ளே வருகிறது.